குச்சியால் ஆடிய சடுகுடு

போன மாதம் விடுதலை நாள் விழா மேடையில் சின்ன ஆண்டை பேசியதைக் கேட்டீர்கள். நானும் கேட்டேன். உங்களோடுதான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நமக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே வயது. ஒருவருக்குக் கண்ணில் புரை, ஒருவருக்கு முட்டி வலி, எனக்குக் காது மந்தம். அன்றைக்குப் பார்த்து அந்தக் காது நன்றாகவே கேட்டுத் தொலைத்தது.

"பிரெஞ்சுக்காரன் காலத்துலயே நம்ம ஊர்ல சாதி பாக்காம சடுகுடு ஆடினவங்க நாங்க" என்றார். "சேரிப் பையன எதிர்ல வுட்டு ஆடினேன். இதோ, இந்தக் கையால கட்டிப் புடிச்சேன்." சொல்லிவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நீங்கள் கை தட்டினீர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். வந்தும் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. பிடித்தார். பிடித்தது என் அண்ணனை. அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. கோபமாக எழுத வரும்.

எங்கள் சேரி பெண்ணையாற்றுக் கரையை ஒட்டி இருந்தது. ஊர்த் தெரு இருந்த குருவிநத்தத்துக்கும் எங்களுக்கும் நடுவில் கரும்புதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமை, இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் சீமை. மணல் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. எங்களுக்கென்று இருந்த இடம் அதுதான்.

எங்கள் நைனா பெரிய ஆண்டையிடம் படியாள். மேடையில் பேசினாரே சின்ன ஆண்டை, அவருடைய அப்பா பெரிய ஆண்டை. படியாள் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சம்பளம் கிடையாது. களத்தில் படியால் அளந்து போடுகிற நெல்லும், வருஷத்துக்கு ஒரு வேட்டியும்தான். அப்பன் படியாள் என்றால் மகனும் படியாள். மகனுக்கு மீசை அரும்பினால், ஆடிப்பெருக்கன்று ஆண்டை வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, மேலேயிருந்து அவன் துண்டில் வெற்றிலை பாக்கைப் போடுவார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அவன் அந்த வீட்டுக்காரன். அண்ணனுக்கு அந்த வருஷம் மீசை அரும்பியிருந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமானவன், எலும்பும் தோலுமாக இருப்பான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஆண்டை வீட்டு மாடு மேய்த்தான். அதிகம் பேச மாட்டான். ஆனால் அவனுக்கு இருந்த மூச்சை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஆற்று மடுவில் முழுகினால், மேலே வருவானா மாட்டானா என்று அம்மா கரையில் நின்று கத்த ஆரம்பிக்கும் வரை வர மாட்டான். வந்து சிரிப்பான்.

அந்த மாசி மாதத்தில்தான் சொல்தா திரும்பி வந்தார். பட்டாளத்துக்காரரை எங்கள் பக்கம் சொல்தா என்றுதான் சொல்வோம். எங்கள் சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறிப் போனவர். சைகோனில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தார். கிழவர் இல்லை, தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. நல்லவர் என்றும் நான் சொல்ல மாட்டேன். சாராயம் குடிப்பார். குடித்தால் எங்களுக்குப் புரியாத பாஷையில் திட்டுவார், குடிக்காவிட்டால் புரிகிற பாஷையில் திட்டுவார். காதைப் பிடித்துத் திருகினால் நெடுநேரத்துக்கு எரியும்.

நாங்கள் மணலில் சடுகுடு ஆடிக்கொண்டிருந்ததை ஒருநாள் கரையில் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்து, நடுக்கோட்டைக் காலால் அழித்தார்.

"இது இன்னா ஆட்டம்? கோழிய தொரத்துற மாதிரி. எல்லாம் வரிசையா நில்லுங்கடா."

நின்றோம். ஒவ்வொருவனிடமும் பேர் கேட்டார். அப்பன் பேர் கேட்டார். மறுநாள் சாயங்காலம் அதே இடத்தில் நிறுத்தி, அந்தப் பேர்களைத் திரும்பக் கேட்காமல் அப்படியே முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டால் "பிரெசான்" என்று சொல்ல வேண்டும். வந்திருக்கிறேன் என்று அர்த்தமாம். எங்களை அதுவரைக்கும் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்? ஊர்த் தெருவில் 'டேய்', கழனியில் 'டேய்', மாட்டைக்கூடப் பேர் வைத்துக் கூப்பிடுவார்கள், எங்களை 'டேய்'. அண்ணன் பேரைச் சொன்னபோது அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவனுக்குப் புரியவில்லை.

பங்குனி, சித்திரை முழுக்க அப்படித்தான் போயிற்று. மாட்டைக் கொட்டிலில் கட்டிவிட்டு மணலுக்கு ஓடுவோம். வெயில் தாழ்ந்தாலும் மணல் சுடும். ஆண்டையின் கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சுகிற வாசனை காற்றில் வந்து பசியைக் கிளப்பும். முதலில் ஓட்டம், பிறகு மடுவில் முழுகி மூச்சு பிடிப்பது, அதற்கப்புறம்தான் ஆட்டம். பாடிப் போகிறவன் முட்டியை எப்படி மடக்க வேண்டும், பிடிக்கிறவன் எந்தக் காலைப் பார்க்க வேண்டும் என்று அவரே மண்ணில் விழுந்து புரண்டு காட்டுவார். பல் விளக்கினாயா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். ஆட்டம் முடிந்ததும் ஈர மணலில் விரலால் அவரவர் பேரை எழுத வேண்டும். தப்பாக எழுதினால் காது போச்சு. நான் இன்றைக்கு இதை எழுதுகிற எழுத்து அந்த மணலில் வந்ததுதான்.

அவரிடம் ஒரு பீங்கான் பூச்சுக் குவளை இருந்தது. வெள்ளைக் குவளை, விளிம்பில் நீலக்கோடு, அடியில் பூச்சு உதிர்ந்து கருப்பு தெரியும். எல்லோரும் அதில்தான் தண்ணீர் குடிப்போம், வாய் வைத்து. சொல்தாவும் அதில்தான் குடிப்பார். பிற்பாடு ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. பிறகு எத்தனையோ வீட்டில் எத்தனையோ குவளையில் குடித்துவிட்டேன், அந்தத் தண்ணீர் மாதிரி இல்லை. இதைச் சொன்னால் பழசை நினைத்து உருகுகிறேன் என்பீர்கள். உருகவில்லை. எங்கள் காலத்தில் ஒரு குவளையில் வாய் வைத்துக் குடிப்பதே பெரிய விஷயமாக இருந்தது என்கிறேன். அதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை.

வைகாசியில் பென்ஷன் வாங்கப் புதுச்சேரிக்குப் போன சொல்தா, அங்கே சிப்பாய்ப் படையில் இருந்த தன் பழைய சிநேகிதரைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கப்ரால், அதாவது சிப்பாய்க்கு ஒரு படி மேல். ஆள் எடுக்கப் போகிறார்களாம். உயரமும் மார்பும் மூச்சும் இருந்தால் போதுமாம், பையனைத் தான் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னாராம். சொல்தா அன்றைக்குக் குடிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் குந்திக்கொண்டு நைனாவிடம் சொன்னார்.

"சிப்பாயா போயிட்டான்னா மாசம் பொறந்தா சம்பளம். செவப்புத் தொப்பி. ஆண்டை வூட்டு வெத்தில அவன் துண்டுல வுழாது."

நைனா தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆண்டை இன்னா சொல்லுவாரோ" என்றார். அம்மாதான் உள்ளேயிருந்து, "ஆண்டைய கேட்டா இவனப் பெத்தேன்?" என்றாள்.

அண்ணன் எடை போதாது என்று சொல்தாவுக்குக் கவலை. பாகூர் சந்தையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்த பாய் ஒருவர் இருந்தார். அவருடைய மூட்டைத் தராசில் அண்ணனை உட்கார வைத்து நிறுத்துப் பார்த்தோம். பாய் எடைக்கல்லை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, "இன்னாப்பா இது, சாக்கு மட்டும்தான் இருக்குது, சரக்கக் காணோம்" என்று சிரித்தார். பிறகு ஒரு படி மல்லாட்டையை அளந்து அண்ணன் மடியில் கொட்டினார். காசு வாங்கவில்லை. "சிப்பாயா வந்து நில்லு, அப்ப வாங்கிக்கிறேன்" என்றார். அண்ணன் அந்த மல்லாட்டையை எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, சொல்தாவிடம் திட்டு வாங்கினான்.

இப்படி இருக்கும்போதுதான் ஜூலை பதினாலு வந்தது. பிரெஞ்சுக்காரன் கொடி ஏற்றுகிற நாள் என்று உங்களுக்கு ஞாபகமிருக்கும். சாக்கு ஓட்டம், வழுக்குமரம் எல்லாம் நடக்கும். நாங்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்போம். அந்த வருஷம் பெரிய ஆண்டைக்குத் தேர்தலில் நிற்க ஆசை. புதுச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரையைக் களத்துமேட்டுக்கு அழைத்திருந்தார். தன் ஊரில் எல்லோரும் சமம் என்று துரைக்குக் காட்ட வேண்டும். அதற்கு எங்களைக் கண்டுபிடித்தார். அவருடைய காரியஸ்தர் மணல் ஓரத்தில் வந்து நின்றார், மணலில் கால் வைக்காமல்.

"ஊர்த் தெருவும் சேரியும் தொரை முன்னால சடுகுடு ஆடணும்ன்றது ஆண்டையோட விருப்பம்" என்றார். "ஆனா தொட்டுக்கக் கூடாது."

சொல்தாவுக்குப் புரியவில்லை. "தொடாம எப்டிங்க சடுகுடு ஆடறது?"

"ஆளுக்கொரு ஆமணக்குக் குச்சி கையில வச்சிக்கட்டும். குச்சி பட்டா தொட்ட மாதிரி."

"சரி. புடிக்கிறது?"

"ஊர்ப் பசங்க கயிறு வச்சிப்பாங்க. ரெண்டு பேரா புடிச்சிக்கினு மடக்குவாங்க."

"எங்க பசங்களுக்குக் கயிறு?"

காரியஸ்தர் சொல்தாவை மேலும் கீழும் பார்த்தார். "ஆண்டை வூட்டுப் புள்ளய கயிறு போட்டு இழுப்பீங்களா? வாயக் கழுவு."

இதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அவர்கள் எங்களைப் பிடிக்கலாம், கன்றுக்குட்டி கட்டுகிற தும்புக் கயிற்றால். நாங்கள் அவர்களைப் பிடிக்கவே கூடாது. அவன் பாடிக்கொண்டு வந்தால் நாங்கள் ஓட மட்டும் ஓடலாம். இதற்குப் பேர் சடுகுடு. இதற்குப் பேர் சமம். ஒரு மனுஷன் உட்கார்ந்து யோசித்து இந்த விதியைக் கண்டுபிடித்திருக்கிறான், கண்டுபிடித்துவிட்டு நியாயமாகத்தான் செய்திருக்கிறோம் என்று வேறு நினைத்திருக்கிறான்.

காரியஸ்தர் போனதும் அண்ணன், "நான் ஆடல" என்றான்.

"ஆண்டை சொல்லிட்டாரு. ஆடாம இருக்க முடியாது" என்றார் சொல்தா.

"மாடு ஓட்டுற குச்சியக் குடுத்து, மாடு கட்டுற கயிறையும் எடுத்துக்கினு வராங்க. இது ஆட்டமா?"

"எதால தொட்டா இன்னாடா, தொட்டா செத்தான். நீ செயிச்சிட்டு வா. கப்ராலும் அன்னிக்கு வரேன்னிருக்காரு. தொரை பாக்கட்டும், கப்ரால் பாக்கட்டும். ஒரு தரம் செயிச்சிட்டின்னா அப்பறம் எவனும் உங் கையில குச்சி குடுக்க மாட்டான்."

சொல்தா அதை நம்பினார். அதுதான் எனக்கு அவர் மேல் ஆறாத கோபம். உலகத்தைச் சுற்றி வந்தவர், துப்பாக்கி பிடித்தவர், ஆண்டையைப் பற்றி எங்கள் அம்மாவுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. நன்றாக ஆடினால் மதிப்பார்கள் என்று நினைத்தார். நன்றாக ஆடியதுதான் தப்பாகப் போயிற்று.

அன்றைக்குச் சொல்தா சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்தார். கப்ராலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று தகவல் வந்திருந்தது, இன்னொரு நாள் வருவார் என்று அண்ணன் முதுகில் தட்டினார். துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய ஆண்டை, அவர் பக்கத்தில் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு ஆள். எங்கள் கையில் குச்சியையும் அவர்கள் கையில் கயிற்றையும் பார்த்துவிட்டு துரை ஏதோ கேட்டார். அந்த ஆள் ஏதோ சொன்னான். துரை தலையை ஆட்டினார். இந்த ஊரில் இந்த ஆட்டத்தை இப்படித்தான் ஆடுவார்கள் என்று சொல்லியிருப்பான்.

பாடிப் போனவர்களில் நான் முதல் ஆளாகச் செத்தேன். கயிறு முழங்காலில் இடறி முகத்தில் மண் அப்பியது. ஊர்ப் பக்கத்தில் சிரித்தார்கள். ஆனால் அண்ணன் போனபோது சிரிப்பு நின்றது. ஒரே மூச்சில் உள்ளே போய், குச்சியை நீட்டுவதே தெரியாமல் தொட்டுவிட்டு, கயிற்றைத் தாண்டிக் குதித்து வருவான். அவர்கள் பக்கம் ஒவ்வொருவனாக வெளியே போனான். எங்கள் ஆட்களுக்கு உயிர் திரும்பி வந்தது. நானும் திரும்பி உள்ளே வந்து நின்றேன். பிடிக்கவே கூடாத விதியோடு ஆடி நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம். எங்கள் சேரி ஜனங்கள் வரப்பில் நின்று சத்தம் வராமல் பார்த்தார்கள்.

கடைசியில் அந்தப் பக்கம் மிச்சம் இருந்தது சின்ன ஆண்டையும் இன்னொரு பையனும்தான். சின்ன ஆண்டைக்கு அப்போது என் வயதுதான். நல்ல ஆட்டக்காரன், அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் உள்ளே போனான். குச்சியால் இன்னொருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அப்போது சின்ன ஆண்டை கையிலிருந்த கயிற்றை வீசிவிட்டுப் பாய்ந்து வந்து, பின்னாலிருந்து அண்ணன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். ஆட்ட வெறியில் பிடித்துவிட்டான். சடுகுடு ஆடுகிற எந்தப் பையனும் அதைத்தான் செய்வான். அண்ணன் பாட்டை விடவில்லை. அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மண்ணில் விழுந்து, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டான். தொட்ட பிறகும் பாடிக்கொண்டிருந்தான். விதிப்படி ஆட்டம் எங்களுடையது.

துரை கை தட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார்.

சின்ன ஆண்டை அண்ணன் மேலேயே கிடந்து சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணனும் சிரித்தான். இரண்டு பேர் முகத்திலும் ஒரே மண். பிறகு சின்ன ஆண்டை நிமிர்ந்து அவன் அப்பாவைப் பார்த்தான். சட்டென்று எழுந்து தள்ளி நின்று, "அவன்தான் எம்மேல வந்து வுழுந்தான்" என்றான்.

அன்றைக்கு அவன்தான் மேலே விழுந்தான் என்றவர், இன்றைக்கு நான்தான் கட்டிப் பிடித்தேன் என்கிறார். அன்றைக்குப் பொய் சொன்னால் அவருக்கு நல்லது, இன்றைக்கு உண்மை சொன்னால் அவருக்கு நல்லது. இரண்டு தடவையும் லாபம் அவருக்கு. பையன், பயந்துவிட்டான் என்று நீங்கள் சொல்வீர்கள். பையனை விட்டுவிடுகிறேன். மேடையில் நின்றது பையன் இல்லையே.

சின்ன ஆண்டையைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய், தொட்ட தீட்டுப் போகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். துரைக்கு, பையன் குளிக்கப் போகிறான் என்று சொல்லியிருப்பார்கள். கொடி இறக்க வேண்டிய நேரம். எல்லோரும் கம்பத்தின் முன்னால் வரிசையாக நின்றார்கள். சொல்தாவைக் கடைசி ஆளாக, மெடல் தெரிய நிறுத்தினார்கள். எங்களை, அண்ணனையும் என்னையும், காரியஸ்தரின் ஆட்கள் வைக்கோல் போருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். நைனா அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

காரியஸ்தர் சத்தம் போடவில்லை. "நாங்க கைய வச்சா உசுரு தங்காது. உம் புள்ள, நீயே கண்டிச்சிக்க. ஆண்டை உத்தரவு" என்றார். நின்றிருந்த வண்டியிலிருந்து, பாரம் சரியாமல் செருகுகிற முளைக்குச்சியை உருவி நைனா முன்னால் போட்டார்.

நைனா குனிந்து எடுத்தார். எடுத்தார் என்பதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். அண்ணன் தலையைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். தோளில் பட்டால் உயிர் போகாது என்று நினைத்திருப்பார். களத்துமேட்டில் கொடி இறக்க ஊதுகொம்பு ஊத ஆரம்பித்தார்கள். நைனா அடித்தார். காரியஸ்தர் போதும் என்று சொல்கிற வரைக்கும் அடிக்க வேண்டும், அவர் சொல்லவில்லை. அண்ணன் கத்தியது ஊதல் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எலும்பு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம்தான் காரியஸ்தர் போதும் என்றார்.

நான் அங்கிருந்து சொல்தாவைப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் நின்றதால் அவருக்கு எங்களைத் தெரிந்தது. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை நெற்றியில் இருந்தது. கொடி இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கி, மடித்து, ஊதல் நிற்கிற வரைக்கும் அவர் கையை இறக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. கை மட்டும் அங்கேயே இருந்தது.

ஊதல் நின்றதும் ஓடி வந்தார். அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆற்றைக் கடந்து அக்கரையில் எலும்பு கட்டுகிறவரிடம் தூக்கிப் போனார். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் வைத்து மூங்கில் பத்தை போட்டுக் கட்டினார்கள். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். அவள் நைனாவை ஒன்றும் கேட்கவில்லை. சொல்தாவைத்தான் கேட்டாள்.

"பாத்துக்கினுதான நின்ன?"

"கொடி எறங்கறப்ப கைய எடுக்கக் கூடாதும்மா."

"கொடி இன்னாய்யா கொடி? எம் புள்ள தோள வுடவா அது பெரிசு?"

அந்தப் பழக்கத்தைச் சொல்தா உடம்பில் எத்தனை வருஷம் அடித்து ஏற்றினார்களோ தெரியாது. எங்களுக்குப் பேர் சொல்லிக் கொடுத்தவர், எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், அந்த ஒரு கையை இறக்க முடியாமல் நின்றார். அவரை நான் நினைக்காத நாள் இல்லை. நினைக்கும்போதெல்லாம் கோபமும் வருகிறது. நைனாவைப் பற்றிக் கேட்டால், அவர் ஏன் அடித்தார் என்று எனக்குப் புரிகிறது. அவர் அடிக்காவிட்டால் அவர்கள் கொன்றிருப்பார்கள். புரிகிறது என்பதற்காக ஆறிவிடுமா?

கட்டு அவிழ்த்தபோது எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. அண்ணன் கடைசி வரைக்கும் அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்கியதில்லை. சட்டை போட அண்ணி கையை நுழைத்துவிட வேண்டும். ஒரு கையாலேயே ஏர் பிடித்தான், ஒரு கையாலேயே கட்டு சுமந்தான். வெள்ளைக்காரன் கொடி இறங்கி வேறு கொடி ஏறிய பிறகும் அதே கழனியில்தான் இருந்தான். அவனுக்கு விடுதலை எப்போது வந்தது என்று நம் விழாக்காரர்கள் யாராவது சொன்னால் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள், அண்ணனுக்குக் கட்டு அவிழ்த்த மறுநாளே, கப்ரால் வந்தார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற, லீவு கிடைத்ததும் பாகூர் வரைக்கும் வந்து, அங்கிருந்து வண்டி பிடித்து வந்திருந்தார். சிவப்புத் தொப்பி, பித்தளைப் பொத்தான், முறுக்கு மீசை. நடந்ததை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. எங்கள் குடிசை முன்னால் சேரியே கூடிவிட்டது. வேலி ஓரத்தில் ஆண்டையின் காரியஸ்தரும் வந்து நின்றார். மறுநாள் அண்ணனை வெற்றிலைக்கு அனுப்பச் சொல்ல வந்தவர், சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் போகாமல் நின்றுவிட்டார்.

கப்ரால் நாடாவை எடுத்து அண்ணன் உயரத்தை அளந்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். மூச்சை இழுக்கச் சொல்லி மார்பை அளந்தார். "நீ சொன்னது சரிதான்யா" என்று சொல்தாவிடம் சொன்னார். அம்மா கைகளைக் கோத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கையயும் மேல தூக்கு" என்றார் கப்ரால்.

அண்ணன் இடது கையைத் தூக்கினான். வலது கை பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூக்கப் பார்த்தான். முகம் வேர்த்தது. கப்ரால் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுபோனார். அண்ணன் முனகியதும் விட்டுவிட்டார்.

"இது எப்டி ஆச்சி?"

சொல்தா ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலி ஓரத்தில் காரியஸ்தர் தொண்டையைச் செருமினார்.

"மாடு முட்டிடுச்சிங்க" என்றார் நைனா.

கப்ரால் அண்ணனைப் பார்த்தார். "மாடா?"

அண்ணன் நைனாவைப் பார்த்தான். "ஆமாங்க. மாடுதான்" என்றான்.

கப்ரால் நாடாவைச் சுற்றிப் பைக்குள் போட்டார். அவருக்கு மனசு கேட்கவில்லை, அது முகத்தில் தெரிந்தது. வண்டி ஏறப் போனவர் நின்று, நைனாவைக் கடிந்துகொண்டார்.

"நல்ல ஒடம்பு, பாழாப் போச்சி. முட்டற மாட்ட எதுக்குய்யா வூட்ல வச்சிருக்க? ஓட்டிக்கினு போயி சந்தையில வித்துடு."

நைனா இடுப்பில் கட்டியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டு சொன்னார்.

"நம்ம மாடு இல்லீங்க. ஆண்டையோடது."